நீலம் இறங்கவில்லை

கின்கா கதவைத் தட்டியபோது என் விரல்கள் நகம் வரை சிவந்திருந்தன. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பண்டிகைக்கு முட்டைகளுக்குச் சாயம் ஏற்றும் நாள். முதல் முட்டையை அப்போதுதான் சாயத்திலிருந்து எடுத்துத் தட்டில் உலர வைத்திருந்தேன். முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

"தெமெனூகா அக்கா, குழாயை மூடுனீங்களா இல்லியா?"

"மூடித்தானே இருக்கு."

"அப்படின்னா எங்க பாத்ரூம்ல சொட்டுதே, அது என்ன மேகத்துலேர்ந்தா வருது? பிப்ரவரியில ஊறின அதே மூலை. சுண்ணாம்பு அடிச்சு இன்னும் வாசம்கூடப் போகல."

கின்கா எனக்குக் கீழ்வீடு. மூன்றாவது மாடி. குரல் பெரியது, அதை மாடிப்படியில் வைத்துப் பேசுவதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. அன்று முகத்தில் மாவு, கையில் கரண்டி, தலையில் துணி.

"ஈஸ்டர் ரொட்டிக்கு மாவு பிசைஞ்சு அங்கதான் வெச்சிருக்கேன். வீட்லயே அதுதான் கதகதப்பான இடம். மாவுல ஒரு சொட்டு விழட்டும், தூக்கிட்டு வந்து உங்க தலைல கவுத்திடறேன்."

அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால்தான் எனக்குப் பயம்.

"போரியானா இன்னைக்குத்தானே வரா? நீங்களே சொல்லிடறீங்களா, நான் சொல்லணுமா?"

போரியானா என் மகள். வர்னா என்ற வேறு ஊரில் இருக்கிறாள். பிப்ரவரியில் நான் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டு, மூடாமல், கடைக்குப் போய்விட்டேன். அடைப்பானும் போட்டபடி இருந்தது. திரும்பி வந்தபோது தண்ணீர் வாசல் விரிப்பு வரை வந்திருந்தது. கின்காவின் கூரை ஊறி, பெயர்ந்து, அவள் துணிக்கூடையில் விழுந்தது. போரியானா வந்தாள்; சத்தம் போடவில்லை. கின்காவின் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாள். அன்று மாலை நானாகவே சொன்னேன்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நானே கிளம்பி உன்கூட வந்துடறேன்." யாரும் என்னைக் கேட்கவில்லை. தண்டனையைத் தானே சொல்லிக்கொண்டால் அது வராது என்று நினைக்கும் மனது எனக்கு. அவள் அதை மறக்கவில்லை. ஒரு அறையைக் காலி செய்து, சன்னலுக்குப் புதுத் திரை போட்டு, படம் எடுத்து அனுப்பினாள். நல்ல அறைதான். சன்னலுக்கு வெளியே வேறொரு கட்டடத்தின் சுவர் தெரிந்தது.

நான் குளியலறைக்குள் போய் நின்றேன். குழாய் மூடியிருந்தது. தரை உலர்ந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீர் கூரைக்குள் ஊறிக் கீழே இறங்க ஒரு இரவு போதும். நேற்று இரவு பல் தேய்த்தேன். குழாயை மூடினேனா? மூடியிருக்க வேண்டும், காலையில் மூடித்தானே இருந்தது. அல்லது நடுவில் எழுந்து வந்து, நிரம்பி வழிவதைப் பார்த்து, மூடித் துடைத்துவிட்டு, அதையும் மறந்துவிட்டேனா? அப்படியெல்லாம் நடக்குமா? நடக்கும் என்று பிப்ரவரிக்குப் பிறகு எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் தொட்டுப் பார்ப்பேன். தொட்டது நேற்றா முந்தாநாளா என்று காலையில் குழம்புவேன். தினமும் செய்கிற காரியம் எந்தத் தேதியையும் வைத்துக்கொள்வதில்லை.

முப்பது வருஷம் இந்த ரூஸே ஊர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் நான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று என் வாயிலிருந்துதான் ஊர் கேட்டுத் தெரிந்துகொண்டது. இப்போது என் வீட்டில் எது எங்கே ஓடுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் இரு," என்றேன் கின்காவிடம். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினில் கழுவிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு வழிந்து ஓட்டைக்குள் போயிருந்தது. "தண்ணிக்குச் சாயம் போட்டா?"

"எதுக்கு?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். ஃப்ளஷ் டேங்குக்குச் சிவப்பு, குளிக்கிற தொட்டிக்கு மஞ்சள், வாஷ்பேசினுக்கு நீலம். உன் கூரைல எந்த நிறம் சொட்டுதோ அதுதான் ஒழுகுது."

கின்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணும் சொட்டலைன்னா?"

மூன்றும் சொட்டாவிட்டால் ஒழுகுவது குழாய் இல்லை. தரையில் தண்ணீர் நின்றிருக்கிறது. நிற்க வைத்தது நான்.

"சரி," என்றாள் அவள். "ஆனா நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன். சும்மா சும்மா திறந்தா மாவுக்குக் காத்து பட்டு உக்காந்துடும். கத்தவும் முடியாது, மாவு அதிரும்."

"மாடிக்கு மாடி போற ஹீட்டர் குழாய்ல தட்டு. வெறும் தண்ணியா சொட்டுனா ஒரு தட்டு. நிறமா சொட்டுனா ரெண்டு."

"என் வயசுக்கு மாவுக்குப் பக்கத்துல கழிப்பறை மேல உக்காந்து கூரையைப் பார்க்கணும்னு எழுதியிருக்கு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

சாயப் பொடிகளைச் சுடுநீரில் கரைத்தேன். முட்டைக்கு ஊற்றுவதுபோலக் கை போன போக்கில் வினிகரும் ஊற்றினேன். வீடு முழுக்கப் புளித்த வாசம். முதலில் சிவப்பு. டேங்கின் மூடியைத் தூக்கி ஊற்றிவிட்டு இழுத்தேன். கழிப்பறைக் கிண்ணம் பீட்ரூட் சூப் போல ஆனது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து ஹீட்டர் குழாயில் காதை வைத்தேன்.

குழாய்க்குள் கட்டடம் முழுவதும் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எங்கோ ஒரு வானொலி. அடுத்து, மிகப் பக்கத்தில், கரண்டியின் ஒரே தட்டு.

இரண்டாவது தட்டுக்காக மூச்சைப் பிடித்தேன். வரவில்லை.

மஞ்சளைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீரை நிரப்பி, திறந்துவிட்டேன். தொட்டி காலியாகும்போது போடும் அந்த உறிஞ்சல் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்காது. ஒரே தட்டு.

கடைசியாக நீலத்தை ஊற்றினேன். சாயம் விளிம்பில் தெறித்தது. அதை நான் மற்ற இரண்டையும்விட மெதுவாகச் செய்தேன். வாஷ்பேசினை விளிம்பு வரை நிரப்பினேன். அடைப்பானை இழுத்தபோது நீலம் சுழன்று இறங்கியது. ஒழுகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சொந்த வீட்டில் ஓட்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெண் ஒருத்தி எப்படி இருப்பாள் என்று கண்ணாடியில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. குனிந்து காதை வைத்தேன்.

ஒரே தட்டு.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டது. காதை இன்னும் அழுத்தினேன். ஆனால் அது வானொலி வீட்டில் யாரோ எதையோ வைத்த சத்தம்.

கின்கா மேலே வந்தாள். அவள் முகத்தில் வெற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"சொட்டறது சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு அக்கா. வெறும் தண்ணியாத்தான் விழுது." அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. மேல அஞ்சாவது மாடிக்காரன் ஊர்ல இல்ல. அவன் வீட்டுத் தண்ணின்னு சொல்லிடலாம். போரிகிட்ட நான் சொல்றேன். எனக்கு நல்லாப் பொய் வரும், என் புருஷனைக் கேட்டுப் பாருங்க."

"நீதானே ஆறு வாரமா அவன்கிட்ட, இவகிட்டன்னு எல்லார்கிட்டயும் என்னைப் பத்திச் சொன்னே?"

"சொன்னேன். கூரை விழுந்தா சொல்லமாட்டாங்களா? அதுக்காக நீங்க போயிட்டா நல்லாவா இருக்கும்? உங்க இடத்துக்கு எவன் வந்து டிரம் வாசிப்பானோ."

நான் சிரித்திருக்க வேண்டும். அந்தப் பொய்யை எடுத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதுதான் என்னை நிறுத்தியது. எடுத்துக்கொண்டால் அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அஞ்சாவது மாடிக்காரன், ஊரில் இல்லை, அவன் வீட்டுத் தண்ணீர். என்னால் முடியுமா? அதோடு, போரியானா நம்பிவிட்டாலும் இரவில் படுக்கையில் நான் இருப்பேன், குழாயை மூடினேனா என்ற கேள்வி இருக்கும். அதற்குப் பொய் சொல்ல ஆள் கிடையாது.

"மாவைப் போய்ப் பாரு," என்றேன். அவளுக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போரியானாவின் பேருந்து மதியத்துக்கு. அதற்குள் குளியலறையைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியோடு மண்டியிட்டேன். விளிம்பில் நீலம், தரையில் மஞ்சள், எங்கும் சிவப்பு விரல் தடங்கள். வாஷ்பேசினைத் தாங்கும் பீங்கான் காலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதற்குள் சாயம் தெறித்திருக்குமோ என்று துணியை விட்டுத் துழாவினேன். ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. துணியை வெளியே எடுத்தேன். அதில் நீல நிறத்தில் மணல் போல ஒட்டியிருந்தது.

சாயத் தூளாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். விரலால் தேய்த்தேன். கரையவில்லை. பல்லில் கடித்தால் நறநறக்கும் என்று கைக்கே தெரிந்தது. முட்டை ஓடு போல.

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தேன். கண்ணாடியைச் சந்துக்குள் சாய்த்துப் பிடித்தேன். பேசினுக்குக் கீழே தண்ணீர் போகும் வளைகுழாய், அது சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நட். அந்த நட்டைச் சுற்றி, குழாயின் அடிப்பக்கமாக, தரை வரைக்கும் சுண்ணாம்புப் படிவு மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டிலையே ஒரு வருஷத்தில் வெள்ளையாக்கிவிடும். அந்தப் படிவு முழுவதும் நீலம். மேலே கருநீலம், கீழே போகப் போக வெளிர்நீலம், தரையைத் தொடும் இடத்தில் வெறும் வெள்ளை.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. வினிகர் கலந்த சாயம் எதற்குச் செய்யப்பட்டதோ அதைச் செய்திருந்தது. ஓட்டில் பிடித்துக்கொள்ளும் பொருள், சுண்ணாம்பைக் கண்டதும் பிடித்துக்கொண்டது. குழாயின் மேல், பிறகு தளத்துக்குள், கடைசியாகக் கின்காவின் புதுச் சுண்ணாம்பில். நிறம் மேலேயே தங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் கீழே போய் நிறமில்லாமல் சொட்டியிருக்கிறது. இத்தனை பெரிய படிவு ஒரு இரவில் வருவதில்லை. எத்தனையோ மாதமாக, நான் முகம் கழுவும்போதெல்லாம், கொஞ்சம் கொஞ்சமாக.

நான் இல்லை. தரையில் உட்கார்ந்து அதைச் சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். சாவி திரும்பும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

"அம்மா?"

போரியானா குளியலறை வாசலில் நின்றாள். கையில் பெரிய பெட்டி. கதவு நிலையில் அது இடித்தபோது வெற்றுச் சத்தம் வந்தது. காலிப் பெட்டி, என் துணிகளுக்கு. அவள் கண்கள் மெதுவாக நகர்ந்தன. கழிப்பறைக் கிண்ணத்தில் சிவப்பு. தொட்டியில் மஞ்சள் வளையம். தரையில் அம்மா, முழங்கை வரை மூன்று நிறம், கன்னத்திலும் நீலம், கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, பட்டப்பகலில் எரியும் டார்ச்.

"என்னம்மா பண்றே?" மிக மெதுவாகக் கேட்டாள். காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசும் குரல். அந்தக் குரலில் அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள்.

"ஒழுகுது," என்றேன். "கின்கா வீட்ல. நான் சாயம் போட்டுப் பார்த்தேன். நிறம் இறங்கல, ஏன்னா அது முட்டை மாதிரி... குழாய் முட்டை மாதிரி..."

"சரிம்மா. எந்திரி. கை கொடு."

"இல்ல, கேளு. அந்த நட்டுக்குள்ள இருக்கிற அது போயிடுச்சு. அது... ரப்பர்ல... வட்டமா..."

வார்த்தை வரவில்லை. தினமும் கடைக்காரன் சொல்லும் சாதாரண வார்த்தை. வாய்க்குப் பின்னால் நின்றது, வெளியே வரவில்லை. நான் அதைத் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகளை இறுக்கிக்கொண்டு, எனக்காக அதைச் சொல்லிவிடாமல், பொறுமையாக. அந்தப் பொறுமைதான் என்னைத் தள்ளிவிடும்போல இருந்தது. தேடத் தேட அது தூரம் போனது. முட்டை, மாவு, டிரம் வாசிப்பவன் எல்லாம் வந்தன, அது வரவில்லை.

தேடுவதை நிறுத்தினேன். கண்ணாடியை அவள் கையில் திணித்தேன்.

"உக்காரு."

"அம்மா, புது பாவாடை..."

"உக்காருடி."

உட்கார்ந்தாள். டார்ச்சைக் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துச் சந்துக்குள் கண்ணாடியைச் சாய்த்தேன். எழுந்து குழாயைத் திறந்தேன். பேசின் நிறைந்தது. நிறைய இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. நிரம்பியதும் குழாயை இறுக்கி மூடினேன், அவள் பார்க்கும்படி. அடைப்பானை இழுத்தேன்.

"என்ன தெரியுது?"

"நீலமா ஏதோ இருக்கு. பாசி மாதிரி."

"சுண்ணாம்பு. நட்டைப் பாரு."

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டவில்லை என்றால்? காலையிலிருந்து முதல் தடவையாக அது எனக்குத் தோன்றியது. நான் சொட்டைப் பார்க்கவில்லை, படிவை மட்டுமே பார்த்தேன்.

"ஒண்ணு தொங்குது," என்றாள் போரியானா. குரல் மாறியிருந்தது. "விழுந்திடுச்சு. இன்னொண்ணு. அம்மா, இது வரிசையா வருது."

கீழேயிருந்து ஹீட்டர் குழாயில் கரண்டி விழுந்தது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு, நிற்காமல் பல தட்டுகள்.

"யாரது?" என்றாள்.

"கின்கா. திட்டறா."

நட்டை நானே கழற்றினேன். துணியைச் சுற்றிப் பிடித்ததும் படிவு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த வளையம் காய்ந்த ஆரஞ்சுத் தோல்போல ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நிறம் படிந்த கைகளோடே மூலைக்கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து கையை நீட்டிக் காட்டினேன்.

"வாஷரா?" என்றான் கடைக்காரன்.

"வாஷர்," என்றேன். வார்த்தை கடையில்தான் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து போட்டேன். போரியானா டார்ச் பிடித்தாள். இறுக்கியதும் மறுபடி பேசினை நிரப்பித் திறந்தோம். விரலால் நட்டைச் சுற்றித் தடவினேன். உலர்ந்திருந்தது. இன்னொரு தடவை நிரப்பினோம். அப்போதும் உலர்ந்தே இருந்தது. கின்கா மேலே வந்து, எதுவும் கேட்காமல், கண்ணாடியைப் பிடுங்கித் தானும் ஒரு முறை பார்த்தாள்.

"அட, அப்பவே சொல்லணும்னு இருந்தேன்," என்றாள். "மூணாவது நிறம் போட்டப்ப கொஞ்சம் வேகமாத்தான் சொட்டுச்சு. நீங்க நிறத்தைத்தானே பார்க்கச் சொன்னீங்க?"

"ஏன், கூரை விழுந்தாத்தான் சொல்லணும்னு இருந்தியா?"

"மாவு நல்லாப் பொங்கிடுச்சு, அதனால பொழைச்சீங்க," என்றவள், போரியானாவைப் பார்த்ததும் துணியை அவிழ்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "வா கண்ணு. மெலிஞ்சுட்டியே. அம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல. பாழாப்போன வாஷர்."

போரியானா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ. தோளிலிருந்து எதையோ இறக்கப் போனவளிடம் இன்னும் கொஞ்ச தூரம் என்று சொன்னதுபோல. அந்தப் புதுச் சன்னல் திரையை அவள் எத்தனை கடையில் தேடியிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தேன். நான் போராடியது அவளோடு என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் பயத்தோடு தனியாக வேறொரு ஊரில் போராடிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும்.

"பிப்ரவரியில நான்தான்," என்றேன். "இது நான் இல்ல. இன்னொரு தடவைன்னு சொன்னது இது இல்ல."

"தெரியுதும்மா." பாவாடையில் பட்டிருந்த நீலத்தை நகத்தால் சுரண்டினாள். "நாளைக்கு நிஜமாவே மறந்தா?"

"நானே சொல்லிடறேன் உன்கிட்ட."

"மறந்ததை எப்படிம்மா சொல்லுவே?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். வார்த்தைகள் நிறைய இருந்தன, இந்த முறை ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. அதைப் பேச்சால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

"நான் சொல்லுவேன்," என்றாள் கின்கா வாசலிலிருந்து. "ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவேன்."

போரியானா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிடும்போல இருந்ததால் எழுந்து வெளியே போனாள். கின்கா அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று இறங்கிப் போனாள். நான் கையைக் கழுவினேன். நிறம் போகவில்லை. குழாயை மூடினேன். மூடியதும் ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்தபடி நின்று, மூடினேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அறைக்குள் போனபோது அவள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, புதுத் துணியின் வாசம் மட்டும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"திங்கட்கிழமை கிளம்பறேன்," என்றாள். "தனியா."

"சரி."

"ஆனா இதைத் திரும்பத் தூக்கிட்டுப் போகமாட்டேன். இங்கயே இருக்கட்டும்."

"எங்க வெக்கறது? அலமாரி மேல எட்டாது."

அவள் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தாள். என் கட்டிலுக்கு அடியிலிருந்த குளிர்காலச் செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள். பெட்டியைப் படுக்க வைத்தாள். காலிப் பெட்டிதான் என்றாலும் முழுதாக உள்ளே போக அவள் தோளால் தள்ள வேண்டியிருந்தது. நான் குனிந்து மறுபக்கத்திலிருந்து இழுத்தேன்.